பெற்றோருக்கு நினைவு தளரும்போது



பிறந்த ஊரை விட்டுத் தொலைநகரங்களில் பணிபுரியும் நம்மில் பலர், தந்தையார் மறைந்தபின் தாயாரைத் தம்மிடம் அழைத்து வந்துவிடுகிறோம். சில திங்கள் கழிந்ததும் அவர் அடுப்பை அணைக்க மறக்கிறார். கேட்டதையே மீண்டும் கேட்கிறார். மாலையானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு, "ஊருக்குப் போக வேண்டும்" என்று வாயிற்படியில் நிற்கிறார். தில்லியில் நம் இல்லத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. "இதுதானே அம்மா, நம் வீடு?" என்று நாள்தோறும் வாதாடினோம். முதுமையின் பிடிவாதம் என்றெண்ணி ஓராண்டை வீணாக்கினோம். அது பிடிவாதமன்று, நோய். அப்பிழை உங்களுக்கும் நேராதிருத்தல் வேண்டும்.

மூளையின் உயிரணுக்கள் சிறுகச் சிறுகச் சிதைவதால் நினைவும், தெளிவும், அன்றாடச் செயல்திறனும் குன்றுவதை மறதிநோய் என்கிறோம். மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதை ஜெர்மானிய மருத்துவர் ஆல்சைமர் 1906-ஆம் ஆண்டில் விவரித்தார்; அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதனை முற்றும் நீக்கவல்ல மருந்து இன்னும் இல்லை.

எனினும், மறதியெல்லாம் தீராத மறதியன்று. தைராய்டுச் சுரப்பின் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி தோன்றும். இவை சீர்படத் தக்கவை. ஆதலின் முதற்கடமை மருத்துவரிடம் காட்டுவதே. இரண்டொரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால், சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்க.

அங்கே பிறமாநிலத் தமிழர்க்கு ஒரு தனி இடர் உண்டு. "இன்று என்ன தேதி?" என்று இந்தியில் வினவினால், தாயார் விழிப்பது நோயாலா, மொழியாலா? ஆங்கிலத் தேதியைக் கருதியே இராத அவர், ஆடி வெள்ளியையும் அமாவாசையையும் பிழையின்றிக் கூறக்கூடும். சோதனை, முதியவரின் மொழிக்கும் கல்விக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். எனவே உடன் சென்று, வினாவைத் தமிழில் உள்ளவாறே சொல்லுங்கள். விடையையும் உள்ளவாறே தெரிவியுங்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதில் தவறினோம். அம்மா தயங்கியபோதெல்லாம் நாணத்தால் விடையை நாமே கூறிவிட்டோம். நோயின் அளவை மருத்துவர் அறிவதற்கு நாமே தடையானோம்.

பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாக நழுவுவதும், தாய்மொழி நெடுநாள் நிலைத்திருப்பதும் பலரிடம் காணப்படுகின்றன. துணைக்கு அமர்த்தும் பணிப்பெண்ணுக்குத் தண்ணீர், பசி, வலி, பயம் முதலிய பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை அவள் அறிந்த எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தாயாரின் முந்தானையிலோ பையிலோ பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எழுதிய சீட்டு இருக்கட்டும். உண்பதும், நீராடுவதும், உறங்குவதும் நாள்தோறும் ஒரே வேளையில் நடைபெறட்டும். இரவில் குளியலறைக்குச் செல்லும் வழியில் சிறுவிளக்கு எரியட்டும். தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் கொடுத்தலாகாது. ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, உயில் பற்றி அவருக்குத் தெளிவுள்ளபோதே விருப்பத்தைக் கேட்டறிதல் நன்று.

இச்சுமை முழுவதும் மருமகள் ஒருத்தியின் தலையில் விழுதல் முறையன்று. ஊரிலுள்ள உடன்பிறந்தாரும் செலவிலும் காவலிலும் பங்கேற்றல் வேண்டும். பேணுபவர் நோயுற்றால் பேணுவார் யார்? மத்திய அரசின் முதியோர் உதவித் தொலைபேசி எண் 14567. வழி தெரியாதபோது அதனை நாடலாம்.

இப்பொழுதும் மாலையில் அம்மா மூட்டை கட்டுகிறார். நாம் வாதாடுவதில்லை. "காப்பி சாப்பிடுங்கள், அம்மா. ஊரில் நம் கொல்லையில் என்னென்ன மரம் இருந்தது?" என்று கேட்கிறோம். முருங்கை, நார்த்தை, கிணற்றடி வாழை என ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சொல்லி முடிப்பதற்குள் மூட்டையை மறந்துவிடுகிறார்.