ஸ்கேனர் வானொலியில் ஒலிப்பெருக்கம்



செமோர் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு மங்கும் பாலும் புதியவை அல்ல. கையடக்க ஸ்கேனர் வானொலியில் 'கெயின்' எனப்படும் ஒலிப்பெருக்கத்தை அவற்றைக் கொண்டே விளங்கிக்கொள்வோம்.

ஸ்கேனர் பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, பேச்சு வரும் இடத்தில் நிற்கும். ஒருவர் மைக்கை வாயருகே வைத்துப் பேசுவார். இன்னொருவர் தள்ளிப் பிடித்துப் பேசுவார். மெலிந்த குரலுக்காக வால்யூமை முழுவதும் திருகிவிட்டு இயர்போனில் கேட்கிறோம். அடுத்த அலைவரிசையில் உரத்த குரல் வந்தால் காதில் அறைந்தாற்போல் இருக்கும். வால்யூம் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றும். கெயினையோ, சில கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனியே அமைக்கலாம்.

அப்படியானால் கெயினை நிறையக் கூட்டிவிடலாமா? கூடாது. இக்காலக் கருவிகள் பலவற்றில் ஒலி எண்களாக மாற்றப்படுகிறது. 16 பிட் முறையில் மிகப் பெரிய எண் 32,767. ஒலியலையின் உச்சி 20,000 ஆக இருக்கும்போது கெயினை 6 டெசிபல் கூட்டினால், அது ஏறக்குறைய 40,000 ஆக வேண்டும். அதற்கு இடமில்லை, உச்சி வெட்டுப்படும். மங்கு நிறைந்து வழிந்த பால் மண்ணோடு போனதுதான். அதுபோல, வெட்டுப்பட்ட குரல் கரகரக்கும்; பிறகு வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது.

இன்னொன்று: பாலில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், ரப்பர் கூடாது. இரைச்சலோடு வரும் குரலுக்குக் கெயினைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். அதற்கு ஏரியலை உயரமான, திறந்த இடத்துக்குக் கொண்டுபோவதே வழி.

ஆகவே, முதலில் உரத்த குரல் வரும் அலைவரிசையைக் கேளுங்கள். கரகரத்தால் கெயினைக் குறையுங்கள். பின்னர் மெலிந்த குரல் வரும் அலைவரிசையில் ஒவ்வொரு படியாகக் கூட்டி, இரண்டையும் சமப்படுத்துங்கள். கடைசியாக, காதுக்கு இதமாக வால்யூமை வையுங்கள்.

80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உட்காதின் நுண்ணிய உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

ஒரு வார்த்தை: பிறர் தகவல் தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதை மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் தடை செய்கிறது. கேட்க அனுமதி உள்ளவற்றை மட்டுமே கேளுங்கள்.

கருவி பழுதானால் வேறு வாங்கலாம்; காதை வாங்க முடியாது.