பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைக்கலாமா?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினோம். பின்தட்டு என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. தக்காளி கிரேடுகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. பட்டறையில் இரண்டு பிளேட்டை உருவினால் இறங்கிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?"

இலைச்சுருட்டல், காய்ப்புழு என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இது வந்தது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதே வேலையை அரைகுறையாகச் செய்து அவதிப்பட்ட குடும்பம் எங்களுடையது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வண்டி கம்பெனியிலிருந்தே இந்த உயரமா, யாராவது உயர்த்தினார்களா? கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக கமான் கட்டில் எக்ஸ்ட்ரா பிளேட் போடுவதும், கமானைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக மாற்றுவதும் நம் ஊரில் சகஜம். அதே மாடலில், கை வைக்காத வண்டி ஒன்றைச் சமதளத்தில் காலியாக நிறுத்தி, பின்சக்கர நடுவிலிருந்து பாடியின் அடிவிளிம்பு வரை டேப் பிடியுங்கள். உங்கள் வண்டியிலும் இருபுறமும் அளந்து ஒப்பிடுங்கள். பிளேட்டுகளையும் எண்ணுங்கள். கம்பெனி கணக்கு எத்தனை என்று சேஸி எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

உங்கள் வண்டியில் பிளேட் கூடுதலாக இருந்தால் நல்ல செய்தி. சேர்த்ததை மட்டும் கழற்றினால் போதும். செலவும் குறைவு. கணக்கு சரியாக இருந்தால் ஒரு பிளேட்டைக்கூட உருவாதீர்கள். பாரம் ஏற்றியதும் ஆக்சில் போய் ரப்பர் பம்ப்பில் இடிக்கும். மிச்ச பிளேட்டுகள் ஒவ்வொன்றாக முறியும்.

இனி எங்கள் கதை. என் தம்பியும் பழைய வண்டிதான் வாங்கினான். எக்ஸ்ட்ரா பிளேட்டையும் நீள ஷேக்கிளையும் பட்டறையில் மாற்றினார்கள். வண்டி அழகாக இறங்கியது. இரண்டு வாரத்தில் அடியில் ஓர் உறுமல். வேகம் கூடினால் சீட் வரை அதிர்ந்தது. டயர் பேலன்ஸ் பார்த்தான், தீரவில்லை. முருங்கைக்காய் லோடோடு ஒட்டன்சத்திரம் போகும் வழியில், விடியற்காலையில், ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்தது. மாற்று வண்டி பிடித்துப் போவதற்குள் ஏலம் முடிந்திருந்தது.

காரணம் ஒரு சின்ன ஆப்புத் தகடு. நீள ஷேக்கிள் போட்டபோது ஆக்சில் லேசாகச் சுழன்று, அதன் மூக்கு மேல்நோக்கியிருந்தது. அதைச் சரிக்கட்ட முன்பிருந்தவர் கமானுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்திருக்கிறார். ஷேக்கிளை மாற்றியவர்கள் ஆப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். மூக்கு இப்போது கீழே குனிந்துகொண்டது.

இது ஏன் கெடுதல்? ஷாஃப்ட் சாய்வாகச் சுற்றும்போது, முன்மூட்டு அதன் சுழற்சியை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகப்படுத்தி, இருமுறை தாமதப்படுத்தும். பின்மூட்டும் அதே அளவு கோணத்தில் இருந்தால்தான் இது நேராகும். அதாவது, கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டும் ஆக்சிலின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். செல்போனில் மட்டம் பார்க்கும் செயலியை இரண்டின் முகப்பிலும் வைத்துப் பார்க்கலாம். இரு மூட்டுக் கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஒவ்வொரு மூட்டின் கோணமும் 3 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் கிராஸ் நீடிக்கும். நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் மூட்டு மூன்று. அதை விவரம் தெரிந்தவரிடமே விடுங்கள்.

ஷாஃப்ட்டைக் கழற்றினால், நீண்டு சுருங்கும் இணைப்பில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கழற்றும் முன்பே பெயின்ட்டால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் அதே உறுமல்தான். யு போல்ட்டும் நடு போல்ட்டும் புதிதாகப் போடுங்கள். பழையதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 500 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்க வேண்டும்.

பலரும் மறப்பது பிரேக். பல பிக்கப் வண்டிகளில் பாரத்துக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். வண்டியை இறக்கிவிட்டு அதைச் சரிசெய்யாவிட்டால், காலி வண்டியையும் பார வண்டியாக நினைத்து முழு அழுத்தத்தைக் கொடுத்துவிடும். மழை ரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். கம்பெனி அளவுக்கு இதைத் திருப்பி வைத்த பிறகே சாலையில் ஏற்றுங்கள்.

கம்பெனி உயரத்துக்கும் கீழே இறக்க, ஆக்சிலைக் கமானுக்கு மேலே மாற்றிக் கட்டும் வேலையும் உண்டு. அதற்குச் சட்டத்தையே வெட்ட வேண்டிவரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் இழுத்தடிப்பு.

அம்மா, உங்கள் இடுப்புக்கு என் யோசனை வேறு. கம்பெனி உயரத்துக்கு வந்த பிறகும் தட்டு உயரமாகத் தெரிந்தால், வயல் வாசலில் இரண்டடி உயரத்துக்கு ஒரு மண்மேடை போடுங்கள். வண்டி வந்து ஒட்டும் பக்கம் கருங்கல் அடுக்கி, மறுபக்கம் சரிவாக விட்டால் கிரேடோடு நடந்து ஏறலாம். மேல்பரப்பில் கிராவல் கொட்டுங்கள், மழையில் வழுக்காது. வண்டி ரிவர்ஸில் வரும்போது மேடையில் யாரும் நிற்க வேண்டாம். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.