மலை வகுத்த எல்லை, பள்ளி வகுத்த ஊர்

ஜப்பான் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மலையும் குன்றுமாகும். மக்கள் நெல் விளைத்ததும் நகர் அமைத்ததும் எஞ்சிய சமவெளிகளிலும் பள்ளத்தாக்குகளிலுமே. ஹோன்ஷூ என்னும் பெருந்தீவின் நடுவே முதுகெலும்புபோல் மலைத்தொடர் செல்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்து வந்து, இம்மலைகளில் மோதி மேற்குச் சரிவில் பனியாகக் கொட்டுகிறது. நீகாட்டாவில் மக்கள் வீட்டுக் கூரையிலிருந்து பனியை வாரித் தள்ளும் நாளிலேயே மலைக்கு அப்பாலுள்ள டோக்கியோவில் வானம் தெளிந்து வெயில் அடிக்கும். இத்தகைய நிலத்தில் ஆட்சி எல்லைகளைப் பெரும்பாலும் மலைமுகடுகளே வகுத்துத் தந்தன.

சீனத்து ஆட்சிமுறையைப் பின்பற்றி, ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் ஜப்பானியப் பேரரசு நிலத்தைப் பல பிரிவுகளாக்கியது. அப்பிரிவு ஒவ்வொன்றும் ‘குனி’ எனப்பட்டது. அச்சொல்லுக்கு ‘நாடு’ என்பதே பொருள். தீவுகளின் பெயர்களிலேயே அந்தப் பழைய கணக்கு ஒளிந்துள்ளது. ஷிகோகு என்றால் ‘நான்கு நாடுகள்’. கியூஷூ என்றால் ‘ஒன்பது நாடுகள்’. கியூஷூத் தீவில் இன்று இருப்பவை ஏழு பிரிவுகளே. ஷிகோகுவிலோ பழைய நான்கும் பெயர் மாறி நான்காகவே நிற்கின்றன.

அவை நான்காகவே நின்றது தற்செயலன்று. எடோ காலத்தில் நாடு இருநூற்றறுபதுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. ‘தைமியோ’ எனப்பட்ட குறுநில மன்னர்கள் அவற்றை ஆண்டனர். 1871ஆம் ஆண்டு மெய்ஜி அரசு ஓர் ஆணையால் அச்சிற்றரசுகள் அனைத்தையும் ஒழித்து, அவற்றின் இடத்தில் ‘கென்’ என்னும் பிரிவுகளை அமைத்தது. தமிழ் நாளிதழ்கள் இவற்றை மாகாணம் என எழுதுவதுண்டு. முதலில் முந்நூறுக்கும் மேலிருந்த பிரிவுகள் அவ்வாண்டு முடிவதற்குள் 75 ஆயின. 1876இல் 38 ஆகச் சுருங்கின. செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் அரசு அளவுக்கு மீறி இணைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பல பிரிவுகள் மீண்டும் பிரிந்தன.

அவற்றுள் இறுதியாகப் பிரிந்தது ஷிகோகுவின் வடகிழக்கிலுள்ள ககாவா. பண்டை நாளில் அதன் பெயர் சனுக்கி. முதலில் தெற்கு மலைக்கு அப்பாலுள்ள இன்றைய டோக்குஷிமாவோடும், பின்னர் மேற்கிலுள்ள எஹிமேவோடும் அது சேர்க்கப்பட்டது. எஹிமேயின் தலைநகரான மட்சுயாமாவுக்கும் சனுக்கியின் தகமட்சு நகருக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. தொலைவைவிட முதன்மையானது நிலத்தின் இயல்பு. மலைகள் மழைமேகங்களைத் தடுப்பதால் தகமட்சுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. மலைக்குத் தெற்கிலுள்ள கோச்சி நகரில் 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. பேராறு இல்லாத சனுக்கி மக்கள் ஆயிரக்கணக்கான ஏரிகளை வெட்டி நெல் விளைத்தனர். அவற்றுள் புகழ்பெற்ற மன்னோ ஏரியின் உடைந்த கரையை, அம்மண்ணில் பிறந்த கூக்காய் என்னும் பௌத்தத் துறவி 821ஆம் ஆண்டு முன்னின்று சீரமைத்தார். நீருக்காக இவ்வாறு தலைமுறை தலைமுறையாக உழைத்த ஒரு மண்ணின் தேவைகள் வேறு. எஹிமேயின் தேவைகள் வேறு. 1888 திசம்பரில் ககாவா தனித்து நின்றது. ஜப்பானின் பிரிவுகளுள் பரப்பில் மிகச் சிறியதும் இதுவே. அன்று அமைந்த 47 என்னும் எண்ணிக்கையே இன்றும் உள்ளது.

அந்நாற்பத்தேழில் டோக்கியோ ‘தோ’ எனவும், ஹொக்கைடோ வேறோர் எழுத்தாலும், ஒசாகாவும் கியோட்டோவும் ‘ஃபூ’ எனவும், ஏனைய 43 ‘கென்’ எனவும் குறிக்கப்படுகின்றன. இன்று இவற்றிடையே அதிகார வேறுபாடு மிகுதியாக இல்லை. 1947 முதல் ஆளுநர்களை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். தோஹோக்கு, கான்டோ, கின்கி முதலிய எட்டு வட்டாரங்கள் பாடநூல்களிலும் வானிலை அறிக்கைகளிலும் பயில்கின்றனவே தவிர, அவற்றுக்கென ஆட்சி மன்றம் ஏதும் இல்லை.

மேலடுக்கு இவ்வாறு நிலைத்திருக்க, கீழடுக்கோ ஓயாது மாறியது. 1888இல் ஜப்பானில் 71,314 ஊர்கள் இருந்தன. ஓராண்டில் அவை 15,859 ஆயின. 300 முதல் 500 குடும்பங்கள் கொண்டதே ஓர் ஊர் என அரசு அளவு வகுத்தது. ஒரு தொடக்கப்பள்ளியை நடத்த அத்தனை குடும்பங்களேனும் வேண்டும் என்பது அதன் கணக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நடுநிலைக் கல்வியும் கட்டாயமாயிற்று. உடனே அளவுகோலும் நீண்டது: ஒரு நடுநிலைப்பள்ளியைத் தாங்க 8,000 பேர் தேவை என்றனர். 1953இல் 9,868 ஆக இருந்த ஊர்களும் நகரங்களும் 1961இல் 3,472 ஆயின. ஊரின் அளவைக் கோட்டையாலோ சந்தையாலோ அளக்காமல் வகுப்பறையால் அளந்த இம்முறை வியப்புக்குரியது.

மூன்றாம் அலைக்குக் காரணம் வேறு. 1999க்கும் 2010க்கும் இடையே 3,232 என்பது 1,727 ஆகக் குறைந்தது. குழந்தைகள் குறைந்து முதியோர் பெருகிய சிற்றூர்களால் தத்தம் செலவைத் தாங்க இயலவில்லை. ஹொக்கைடோவின் யூபாரி, நிலக்கரி வளத்தால் 1960இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம். சுரங்கங்கள் மூடப்பட்டபின் கடனில் மூழ்கியது. இன்று அங்கு ஏழாயிரம் பேர்கூட இல்லை. அதன் பள்ளிகள் ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி என ஒடுங்கின.

நிலைத்த மேலடுக்கையும் இத்தேய்வு தொடத் தொடங்கியுள்ளது. 1876இல் ஷிமானேவோடு இணைக்கப்பட்டு, 1881இல் மீண்டும் பிரிந்த பிரிவு டொட்டோரி. டோக்கியோவில் ஏறத்தாழ 1.4 கோடி மக்கள் வாழ, டொட்டோரியில் ஐந்தரை இலட்சத்துக்கும் குறைவானோரே உள்ளனர். வாக்கின் மதிப்பு எங்கும் ஒத்திருக்க வேண்டும் என்னும் நோக்கில், 2016 முதல் மேலவைத் தேர்தலில் டொட்டோரியும் ஷிமானேவும் ஒரே தொகுதியாக்கப்பட்டன.

ககாவாவிலும் ஊர்கள் இணைந்தன. 2002இல் ஐந்து சிற்றூர்கள் ஒன்றாகிப் புதிய நகரொன்று தோன்றியது. ஐந்தில் எதன் பெயரையும் அதற்குச் சூட்டவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முழு நாட்டைக் குறித்த சனுக்கி என்னும் பெயர், ஐம்பதாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் அந்நகருக்கு இன்று வழங்குகிறது.