ராகிக் கஞ்சியும் 250 வார்த்தைகளும்

போன மாதம் முழுவதும் எங்கள் வீட்டு அடுப்பில் ராகிக் கஞ்சிதான். மகள் எம்.எஸ்ஸி. மனையியல் இரண்டாம் வருடம். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக நடக்கும் ஆய்வுக் கருத்தரங்கில் தன் வேலையைச் சொல்ல வேண்டுமென்று ஆசை. அதற்கு முதலில் 250 வார்த்தைக்குள் ஒரு சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். குழு படித்துச் சரி என்றால்தான் மேடையில் பேசவோ, சுவரில் விளக்கப் படம் மாட்டவோ இடம் கிடைக்கும். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் நான்தானே, அந்த உரிமையில் எழுதுகிறேன்!

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கைக்குழந்தை உள்ள சகோதரிகளுக்கு உதவும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியல்படி 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. (இந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ஒரே ஒரு அறையில் ஆரம்பித்ததாம். 1958-ல்தான் ஹைதராபாத் போயிற்று.) சத்து இருந்து என்ன, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வயிறு சின்னதாயிற்றே! மாவை அதிகம் போட்டால் கஞ்சி களியாகிவிடும், விழுங்காது. தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையும், சத்து போதாது. ராகியை முளைகட்டினால் அமைலேஸ் என்ற நொதி உண்டாகி மாவுச்சத்தை உடைக்கிறது. அதே அளவு மாவு போட்டாலும் கஞ்சி இளகி வருகிறது.

இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, ஒன்றரை நாளில் முளை வந்ததும் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்து, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கி, அங்கன்வாடிக்கு வரும் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி, இரண்டு கஞ்சியையும் ருசி பார்க்கக் கொடுத்தாள். முளைகட்டிய கஞ்சியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு மேல் முகம் சுளித்தார்கள். "ஏன் கண்ணு, இப்படித் தண்ணியா இருக்குது? இதைக் குடிச்சா புள்ளைக்குப் பசி அடங்குமா?" என்று ஒரு பாட்டி கேட்டே விட்டார்.

மகளுக்கு முகம் தொங்கிப் போயிற்று. கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, "அதை விட்டுடு. எல்லாருக்கும் பிடிச்சுதுன்னு எழுது. நல்ல முடிவுன்னாதான் எடுத்துக்குவாங்க" என்று யோசனை சொன்னாளாம். இரண்டு ராத்திரி தூங்காமல் புரண்டாள்.

"அம்மா, உள்ளதை எழுதினா வேண்டாம்னு தள்ளிடுவாங்களோ?"

"தள்ளினா தள்ளட்டும்டி. சத்து இருந்து என்ன பண்ண, தாய் ஊட்டலேன்னா? அந்தப் பாட்டி கேட்டதுதான் உன் ஆராய்ச்சி" என்றேன்.

மறுநாள் அவள் பேராசிரியையும் அதையே சொல்லியிருக்கிறார். தலைப்பையே மாற்றிவிட்டார்கள்.

எழுதுவதுதான் பெரிய பாடு. முதலில் எழுதியது 600 வார்த்தை. அதில் பாதி ராகியின் பெருமை! ஏன் செய்தேன் என்பதற்கு இரண்டே வரி வைத்துக்கொண்டு, எத்தனை பேர், எத்தனை கிராம், என்ன தெரிந்தது என்பதற்கு மிச்ச இடத்தைக் கொடுத்தாள். இராத்திரி எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள், நான் விழித்த இடத்தையெல்லாம் திருத்துவாள். "எல்லாத் தாய்மாரும்" என்று எழுதியிருந்ததைப் பேராசிரியை அடித்துவிட்டார். ஒரே ஒரு அங்கன்வாடிதானே! கூட உழைத்த இரண்டு மாணவிகளின் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டார்கள். அது ரொம்ப நல்லது, பிறகு மனஸ்தாபம் இல்லை. பணம் கட்டினால் போதும், எதையும் படிக்காமலே ஏற்றுக்கொள்கிறோம் என்று அழைக்கும் கருத்தரங்குகளும் உண்டாம். பெண்ணைப் படிக்க வைக்கும் தாய்மார்கள், கட்டணம் கொடுப்பதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசித் தேதிக்கு முதல் நாள் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: மேடை இல்லை, விளக்கப் படம். ஒரு சாயங்காலம் முழுக்கச் சிணுங்கினாள். இப்போது, நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பாட்டி நேற்று ஆள் விட்டு அனுப்பியிருந்தார், முளைகட்டின மாவை ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சலாமா என்று. தாராளமாகப் போடலாம் பாட்டி, அதற்குத்தானே முளைகட்டுகிறோம்!