ட்ரெய்லருக்குச் சிக்னல் மட்டும் போதும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காய்கறி லாரிகள் சரக்கை இறக்கி நகர்ந்த பிறகுதான் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்கும். தட்டுக்கடை போட ஒரு சின்ன ட்ரெய்லர் செய்து வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டார்: "எல்.இ.டி. லைட்டு பழைய ஜீப்புல ஒழுங்கா எரிஞ்சுது. புதுக் கார்ல கோத்தா, சும்மா நிக்கும்போதே மினுக்கு மினுக்குங்கு. ஏன்?"

லைட்டில் கோளாறு இல்லை, அண்ணாச்சி. பழைய ஜீப்பில் சுவிட்சைப் போட்டால் கரண்ட் ஃபியூஸ் வழியாக பல்புக்குப் போய்விடும்; வேறு கணக்கு வழக்கு கிடையாது. புதுக் கார்களில் நடுவே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது மிகச் சிறிய மின்துடிப்பை அனுப்பும் கார்கள் உண்டு. இழை பல்பு சூடாவதற்குள் அந்தத் துடிப்பு முடிந்துவிடும், ஒன்றும் தெரியாது. எல்.இ.டி.க்கு அந்த நொடித்துண்டே போதும், மினுக்கிவிடும்.

காரின் பல்பையே மாற்றினால் கதை வேறு. 12 வோல்ட்டில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த இடத்தில் இரண்டு, மூன்று வாட் எல்.இ.டி. போட்டால் கால் ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு போய்விட்டது என்று கார் முடிவுகட்டி, இண்டிகேட்டரைப் படபடவென்று அடிக்க வைக்கும்.

இதற்குக் கடைக்காரர் எடுத்து நீட்டுவது ரெசிஸ்டர். 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். 24 வாட் முழுக்க வெறும் சூடு. பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகும், வயரில் பட்டால் உறை போகும். மாட்டியே ஆகவேண்டுமென்றால் இரும்புத் தகட்டில் திருகி வையுங்கள். கரண்ட்டை மிச்சப்படுத்த எல்.இ.டி. வாங்கிவிட்டு, மிச்சமானதைச் சூடாக்கி வீணடிப்பது என்ன கணக்கோ!

ட்ரெய்லருக்குச் சரியான வழி, தனி மாட்யூல். காரின் பின்விளக்கு வயரிலிருந்து சிக்னலை மட்டும் வாங்கிக்கொள்ளும். விளக்கை எரிக்கும் கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி வயரில் வரும். காரின் கம்ப்யூட்டருக்குச் சுமை ஏறாது. துடிப்பை வடிகட்டும் மாட்யூலா என்று கேட்டு வாங்குங்கள், எல்லாமே அப்படி இல்லை. வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் வேண்டாம். இந்த ஊர் மழையில் அந்த இணைப்பு பச்சை பூத்துவிடும்.

எர்த்துக்கும் தனி வயர் வேண்டும். ட்ரெய்லரைக் கோக்கும் கொக்கிக் குண்டு வழியே கிடைக்கும் எர்த்தை நம்பாதீர்கள், அதில் கிரீஸும் துருவும்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா? முதலில் பார்க்கவேண்டியது எர்த்தைத்தான்.

ஒரு குறை உண்டு. மாட்யூல் போட்ட பிறகு ட்ரெய்லர் விளக்கு அணைந்தாலும் காருக்குத் தெரியாது. அதனால் கிளம்புமுன் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக், இடது, வலது மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.