சான்றிதழுக்கு முன்னரே தொடங்கும் உரிமை: காரைக்கால் பள்ளிகளும் உள்ளடக்கிய கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறன் கொண்ட மாணவருக்கு வகுப்பறையில் வழங்க வேண்டிய வசதிகள், மருத்துவச் சான்றிதழில் நாற்பது விழுக்காடு பதிவான பின்னரே உரியவை என்னும் கருத்து பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. சட்டம் அவ்வாறு கூறவில்லை என்பதையும், தமிழ்வழிப் படிக்கும் குழந்தையின் இடரைத் தமிழின் இயல்பு கொண்டே கண்டறிய வேண்டும் என்பதையும் காரைக்கால் மாவட்டத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளடக்கிய கல்வி, நரம்பியல் பன்மை, கற்றல் குறைபாடு, காரைக்கால், தமிழ் எழுத்துமுறை.

முன்னுரை

மனித மூளை கற்கும் வழி ஒன்றன்று, பல. இவ்வேறுபாட்டை நோயாக மட்டும் பாராது மனித இயல்பின் ஒரு கூறாகக் காணும் பார்வையே நரம்பியல் பன்மை எனப்படுகிறது. ஆட்டிசம், டிஸ்லெக்சியா, கவனக்குறைவு மிகையியக்க நிலை முதலியன இதனுள் அடங்கும். கண்ணுக்குப் புலப்படும் குறைபாடு கொண்ட குழந்தைக்குச் சாய்தளமேனும் கிடைக்கிறது. புலப்படாத இடர் கொண்ட குழந்தைக்கோ ‘மந்தம்’, ‘அடங்காப்பிள்ளை’ என்னும் பெயரே முதலில் கிடைக்கிறது. அப்பெயர் நிலைத்துவிட்டால், பின்னர் வரும் சான்றிதழால் அதனை எளிதில் அழிக்க இயலாது.

சட்டத்தின் இரு படிகள்

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைகளை ஏற்றது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். கவனக்குறைவு மிகையியக்க நிலை அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை.

இச்சட்டம் உரிமைகளை இரு படிகளாக அமைக்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி (பிரிவு 31), உயர்கல்வியில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடஒதுக்கீடு (பிரிவு 32) ஆகியவை நாற்பது விழுக்காடு என்னும் வரையறை அளவைச் சார்ந்தவை. ஆனால் கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உரிய கற்பித்தல் முறையைக் கையாளும் கடமை (பிரிவு 16), கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு முதலிய மாற்றங்கள் (பிரிவு 17) ஆகியவற்றுக்கு அவ்வளவு நிபந்தனையாக்கப்படவில்லை.

உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்துள்ளது. எழுதும்போது கை இறுகும் நிலை கொண்ட தேர்வர் ஒருவருக்கு, வரையறை அளவை எட்டவில்லை எனக் கூறி எழுதுபவர் வசதி மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்கவில்லை. இடஒதுக்கீட்டிற்கான அளவுகோலை வசதி வழங்குவதற்கும் அளவுகோலாக்குதல் தவறு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

காரைக்காலின் நிலை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாவட்டமாகிய காரைக்கால், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தெற்கே, தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்துள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம். நீண்டகாலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய இங்குள்ள அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திற்கு மாறின. தனியார் பள்ளிகள் பலவற்றில் தமிழ்நாட்டு முறையே தொடர்கிறது. ஆகவே ஒரே தெருவில் வாழும் இரு குழந்தைகள் இருவேறு தேர்வு விதிகளுக்கு உட்படுகின்றனர். பள்ளி மாறும் குழந்தையின் பெற்றோர் சலுகை விதிகளைப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

வாரியத் தேர்வில் சலுகை பெறச் சான்றாவணம் தேவை என்பது உண்மையே. எனினும் அத்தேர்வு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயது நிறைந்தோருக்கே வழங்கப்படும் என்பது 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல். மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியதோ அப்போது ஆசிரியரே முதற்கட்டச் சோதனை நடத்த வேண்டும் எனவும் அது பணிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தைக்குரிய ஒரே துணை ஆசிரியரின் கவனமேயாகும்.

தமிழ் எழுத்தும் கண்டறிதலும்

ஆசிரியர் எதைக் கவனிப்பது? ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனைகள் இங்கு முழுமையாகப் பயன்படா. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட டாலி என்னும் இந்திய மொழிகளுக்கான கருவியும் முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றிலேயே அமைந்தது.

தமிழ் எழுத்துமுறை தனக்கே உரிய இடர்களை உடையது. ‘கெ’ என்பதில் உயிர்க்குறி மெய்க்கு முன் எழுதப்பட்டுப் பின் ஒலிக்கிறது. ‘கொ’ என்பதில் மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ‘கல்’, ‘பகல்’, ‘சங்கு’ ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. இவற்றோடு பேச்சு வழக்கிற்கும் எழுத்து வழக்கிற்கும் உள்ள தொலைவும் சேர்கிறது. வீட்டில் ‘வந்துருச்சு’ என்று பேசும் குழந்தை, பாடநூலில் ‘வந்துவிட்டது’ என்று படிக்க வேண்டும்.

ழகரத்தை ளகரமாக ஒலிப்போர் மிகுந்த வகுப்பில், ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என எழுதுதல் மட்டும் குறைபாட்டின் அறிகுறியாகாது. அது குழந்தை தன் பேச்சை எழுதிய எழுத்து. வகுப்பினர் பலரிடமும் காணப்படும் பிழை வழக்கு சார்ந்தது எனலாம். உடன்பயில்வோர் கடந்துவிட்ட பின்னரும் பயிற்சிக்கு நெகிழாது ஒரு குழந்தையிடம் நீடிக்கும் உயிர்க்குறி மயக்கமும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் நீங்காத தயக்கமும் தனிக்கவனத்திற்கு உரியவை. இவ்வேறுபாட்டை அறியாவிடில், வழக்குப் பிழை குறைபாடாகவும் உண்மையான குறைபாடு சோம்பலாகவும் கொள்ளப்படும்.

ஆசிரியரும் ஊரும்

இப்பணியை வகுப்பாசிரியர் ஒருவரே சுமக்க இயலாது. தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் மாணவர் 10 பேருக்கும், மேல்வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் விதித்தது. சிறிய மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கு இவ்வெண்ணிக்கை அமையாதபோது, அண்டைப் பள்ளிகள் சிறப்பாசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பள்ளிக்கு வெளியேயும் இதே நெறி பொருந்தும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கடற்கரை இது. மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரித்து, இடர் குறித்து அவர்களுக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டத்தின் பிரிவு 8 மாவட்டப் பேரிடர் மேலாண்மை அமைப்புக்கு அளிக்கிறது. ஒலிபெருக்கி அறிவிப்பு காது கேளாதவரை எட்டாது. நெரிசலும் இரைச்சலும் மிக்க முகாமில் ஆட்டிசம் உடைய குழந்தை தங்க மறுக்கலாம். இவர்களின் தேவை என்ன என்பதையும் பதிவேடு காட்டினாலன்றி அது பயன் தராது.

முடிவுரை

சான்றிதழ் தேவையற்றது அன்று; இடஒதுக்கீட்டிற்கும் நலத்திட்டங்களுக்கும் அதுவே வாயில். ஆனால் முன்வரிசையில் இருக்கை, வாய்மொழியாக விடை கூறும் வாய்ப்பு, சற்றுக் கூடுதல் நேரம், கரும்பலகையில் உள்ளதை முழுவதும் படியெடுக்க வேண்டாம் என்னும் இசைவு ஆகியவற்றை வழங்க ஆசிரியர் எந்த விழுக்காட்டிற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. வட்டார வழக்கைக் கணக்கில் கொண்ட, வகுப்புவாரியான சொற்பட்டியலும் எழுத்துப்பிழை வகைப்பாடும் உருவாக்கப்பட்டால், மூன்றாம் வகுப்பு ஆசிரியரின் கையில் அவை பயனுள்ள கருவியாகும். மொழியியலும் கல்வியியலும் இணைந்தே அதனை நிறைவேற்ற இயலும்.