பிக்கப் டிரக்கின் பின் சஸ்பென்ஷனும் டிராக் பந்தயப் புறப்பாடும்

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு நேர்த்தடத்தில் விரையும் வாகனப் பந்தயமாகும். அமெரிக்காவில் இதன் வழக்கமான தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். அங்கு பிக்கப் டிரக்குகளும் இதில் ஓடுகின்றன. சரக்குப் பெட்டி காலியாக இருப்பதால் அவற்றின் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைவு.

டிரக் சீறிப் புறப்படும்போது எடையின் ஒரு பகுதி பின்னோக்கி மாறுவதால் பிடிமானம் கூடுகிறது. ஆனால் அதே நேரத்தில், பின் அச்சின் கூடு சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகத் திருகி, பட்டை ஸ்பிரிங்குகளை வளைக்கிறது. வளைந்த பட்டை மீளும்போது சக்கரம் துள்ளிப் பிடியை இழக்கும். யுனிவர்சல் ஜாயிண்ட் முறியவும் கூடும்.

இதைத் தடுக்க, அச்சிலிருந்து முன்னோக்கி நீளும் டிராக்‌ஷன் பார் என்னும் தண்டு பொருத்தப்படுகிறது. அச்சு திருகும்போது தண்டின் முன்முனை பட்டையின் முன்கண் அருகே முட்டித் திருகலைத் தடுக்கிறது. டயரும் தரையில் அழுந்துகிறது. எஞ்சிய திருகலை ஈடுசெய்ய, பினியனின் முனை முன்கூட்டியே சில பாகை கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்படும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, முதல் 60 அடியைக் கடக்கும் நேரத்தை ஒப்பிடுவது நல்லது. பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், பலன் தந்தது எதுவென்று தெரியாமல் போகும்.